சால்மன் இல்லாத மலையில் தூண்டில்: எந்த மாதம் வருவது?

கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "அண்ணே, அடுத்த வருஷம் மூணு கிழமை லீவு எடுக்கப் போறேன். எந்த மாசம் வந்தா நல்லா மீன் பிடிக்கலாம்? நீங்க சொல்ற மாசத்துக்கே டிக்கெட் போடுறேன்."

இலங்கை மலையகத்து நோர்வூட்டில் பிறந்தவன். பத்து வயதில் என்னோடு காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் மூங்கில் கம்போடு நின்றவன். இப்போது மிசிசாகாவில் குடியிருக்கிறான். கிரெடிட் ஆறு அவனுக்குப் பக்கம். ஒவ்வொரு செப்டம்பரிலும் தொடையளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் ஒரு சின்னூக் சால்மனைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்புவான். அவனைப் பொறுத்தவரை மீன்பிடிக் காலம் என்றால் வருடத்தில் அந்த ஐந்தாறு கிழமைதான். இங்கேயும் அப்படி ஒரு குறித்த காலம் இருக்கும், அதைத் தவறவிட்டால் வந்தும் பயனில்லை என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறான்.

அவனுக்கு லீவு கிடைக்கக்கூடிய காலங்கள் நான்கு. தைப்பொங்கல் கழிந்து மார்ச் வரை ஒன்று. சித்திரைப் புத்தாண்டு ஒன்று. பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லாத ஜூலை, ஓகஸ்ட் ஒன்று. செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரை இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற பலருக்கும், கொழும்பிலிருந்து கம்பைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறவர்களுக்கும் இதே கேள்வி இருப்பதால், அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய சால்மன். சின்னூக் பசிபிக் கடல் பக்கத்து மீன். 1960களின் இறுதியிலிருந்து வட அமெரிக்காவின் பேரேரிகளில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கடலையே பார்க்காமல் ஒண்டாரியோ ஏரியின் நன்னீரில் மூன்று நான்கு வருடம் தின்று கொழுக்கிறது. ஓகஸ்ட் கடைசியில் ஆறுகள் குளிரத் தொடங்கியதும் முட்டையிட மேலே ஏறுகிறது. ஒக்டோபர் தாண்டினால் கதை முடிந்தது, முட்டையிட்ட மீன் செத்துப்போகும். அதனால் அங்கே காலத்தைத் தீர்மானிப்பது மீன். நாட்காட்டியைப் பார்த்து ஆற்றங்கரைக்குப் போனால் மீன் தானே வந்து சேரும்.

மலையகத்தில் சால்மன் கிடையாது. அதன் நெருங்கிய உறவான வானவில் ட்ரவுட் உண்டு. சின்னூக்கும் அதுவும் ஒரே பேரினம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, நுவரெலியாவில் பொரிக்க வைத்து ஓடைகளில் விட்டார்கள். முதலில் கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட் சரிவரப் பெருகவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதைச் சுற்றிய குளிர் ஓடைகளிலும் வேர்பிடித்தது. முட்டையிட்டதும் சாகிற மீன் அல்ல அது. வருடம் முழுக்க அதே ஓடையில், அதே பாறைக்குக் கீழே, அதே பள்ளத்தில் கிடக்கும். மீன் இடம் மாறாது, அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் "எப்போது மீன் வரும்" என்ற கேள்வியை விட்டுவிட்டு "எப்போது தண்ணீர் சரியாக இருக்கும்" என்று கேட்கத் தொடங்க வேண்டும். தம்பிக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

சரி, எது நல்ல தண்ணீர்? ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நன்றாக இரை எடுக்கும். 20ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் அதிகம் கரையும் என்பது இதற்கு ஒரு காரணம். கடல் மட்டத்தில் 10 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் அளவு கரைந்திருக்கும், 20 பாகையில் 9தான். நுவரெலியா கிட்டத்தட்ட 1900 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைந்து, அந்த அளவிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே நம் மலையில் தண்ணீர் குளிர்ந்திருப்பது ட்ரவுட்டுக்கு இன்னும் முக்கியம். காசல்ரீ, மவுசாக்கலை எல்லாம் 1100, 1200 மீற்றர் உயரத்தில்தான் இருக்கின்றன. அங்கே ட்ரவுட்டைத் தேடக்கூடாது. அங்கே இருப்பது திலாப்பியாவும் கெண்டை வகைகளும். திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் பிடிக்கும். ட்ரவுட்டுக்கு நல்ல நாள் திலாப்பியாவுக்கு மந்தமான நாளாக இருக்கும். எந்த மீன் என்று முடிவு செய்யாமல் எந்த மாதம் என்று முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, மலைக்கு இரண்டு முகம். மேற்குச் சரிவான கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தை மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி நனைக்கும். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதே மாதங்களில் ஊவாப் பக்கம், வெலிமடையும் பண்டாரவளையும், காய்ந்து காற்றடித்துக் கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு, வடகீழ் பருவப்பெயர்ச்சியோடு ஊவா நனையும், ஹட்டன் மெல்ல மெல்லக் காயும். நானுஓயாவில் குடை பிடித்து ரயில் ஏறி ஹப்புத்தளையில் வெயிலில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அவனுடைய நான்கு காலங்களுக்கு வருகிறேன்.

ஜூலை, ஓகஸ்ட் அவனுக்கு மிக வசதி. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வரலாம். ஆனால் மீனுக்காக வருவதென்றால், எங்கள் பக்கத்துக்கு அதைவிட மோசமான காலம் இல்லை. நாள் கணக்கில் விடாத மழை. ஓடைகள் எல்லாம் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடும். ட்ரவுட் கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற மீன். கலங்கிய தண்ணீரில் பொய் ஈயையோ, சுழலும் தகடுள்ள ஸ்பின்னரையோ போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. புல்லில் கால் வைத்தால் அட்டை. நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழியும். லக்ஷபான, கெனியன், மேல் கொத்மலை என்று வான்கதவுகளைத் திறந்துவிட்டதாக வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த அறிவிப்பு வந்தால் அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவது பற்றி யோசிக்கவே கூடாது. கால் நனைகிற தண்ணீர் சில நிமிடத்தில் ஆளை இழுத்துப் போகும்.

ஜூலையைத் தவிர வேறு வழியே இல்லை என்பவர்கள் ஊவாப் பக்கம் தங்கிக்கொள்ளுங்கள். ட்ரவுட் ஆசையை விட்டுவிட்டு, வெலிமடைப் பக்கத்துக் குளங்களில் கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் போடலாம். காற்று பலமாக அடிக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் எறிய வசதி என்று பலர் அந்தக் கரையில் நிற்பார்கள். காற்று போய் மோதுகிற எதிர்க்கரைதான் நல்லது. மிதக்கிற பூச்சியும் தூசியும் அங்கேதான் ஒதுங்கும், மீனும் அங்கேதான் வரும். எறிவது சிரமம்தான், ஆனாலும் அங்கேயே நில்லுங்கள்.

சித்திரைப் புத்தாண்டை நான் மீனுக்காக யாருக்கும் சொல்லமாட்டேன். ஏப்ரலில் நுவரெலியா முழுக்க வசந்தகாலக் கொண்டாட்டம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகறி வாவி நிறையப் படகு. அறை வாடகை ஏறிவிடும், வாகனம் நகராது. காலையில் வெயில், மத்தியானம் தாண்டினால் இடி. இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட இந்தக் காலத்தின் மின்னல் மிகப் பொல்லாதது. இப்போது எல்லோர் கையிலும் இருக்கிற கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கரையில் எட்டடிக் கார்பன் கம்பை நிமிர்த்திப் பிடித்து நிற்பது இடிதாங்கியைப் பிடித்து நிற்பதற்குச் சமம். முதல் இடிச் சத்தத்துக்கே கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு வெளியேற வேண்டும். புத்தாண்டுக்கு வாருங்கள், கோயிலுக்குப் போங்கள், சொந்தக்காரர்களைப் பாருங்கள். தூண்டிலை இரண்டாம் பட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரையான காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்த நாட்களும் நான் மிகப் பயந்த நாளும் இதற்குள்தான் வருகின்றன.

தென்மேல் மழை தளர்ந்து, ஒக்டோபர் இடிமழை இன்னும் பிடிக்காமல், இடையில் இரண்டு மூன்று கிழமை கிடைக்கும். வருடத்துக்கு வருடம் முன்பின் ஆகும், ஆனால் செப்டம்பர் நடுவுக்குப் பிறகு பெரும்பாலும் அந்த இடைவெளி வரும். காசல்ரீயும் மவுசாக்கலையும் நிறைந்திருக்கும். பல மாதமாகக் காய்ந்து புல் முளைத்த கரையெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கும். அந்தப் புல்லுக்குள் இருக்கிற புழுவையும் பூச்சியையும் தேடித் திலாப்பியா கரையோரத்துக்கே வந்துவிடும். தூர எறிய வேண்டியதில்லை. மூங்கில் கம்பு, தங்கூசி (நைலோன் நூல்), ஒரு தக்கை, மண்புழு போதும். பாணை நனைத்துப் பிசைந்து உருண்டை பிடித்தால் கெண்டைக்கு ஆயிற்று. ஓடை வந்து நீர்த்தேக்கத்தில் கலக்கிற வாயில், மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீரின் நிறம் பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன். பால் தேத்தண்ணி என்றால் வீடு திரும்பு. வெறுந்தேத்தண்ணி என்றால், அதாவது நிறம் இருந்தாலும் முழங்கால் ஆழத்தில் கல் தெரிகிறது என்றால், உடனே தக்கையைப் போடு. சிறுவயதில் அப்பா சொல்லித்தந்த அளவுகோல் அது. இன்றுவரை பொய்த்ததில்லை.

ஆனால் ஒக்டோபர் நடுவைத் தாண்டியதும் நிலைமை மாறும். ஒருமுறை காசல்ரீக்கு வருகிற ஒரு ஓடையில், நடுப்பாறையில் ஏறி நின்றிருந்தேன். எனக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. ஐந்தாறு மைல் மேலே மழை பெய்தது எனக்குத் தெரியாது. முதலில் தண்ணீரில் காய்ந்த இலைகள் கூட்டமாக வந்தன. அப்புறம் ஓடையின் சத்தம் கனத்தது. மூன்றாவது முறை நிமிர்ந்து பார்த்தபோது நான் தாண்டி வந்த கற்கள் தண்ணீருக்குள் இருந்தன. பையையும் கம்பையும் விட்டுவிட்டு மார்பளவு தண்ணீரில் கரையேறினேன். இலையும் நுரையும் கூட்டமாக வந்தால், நிறம் மாறினால், சத்தம் மாறினால், மீன் முள்ளில் மாட்டியிருந்தாலும் அறுத்துவிட்டு ஏறுங்கள்.

மண்சரிவு அதைவிடப் பெரிய விஷயம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது 2025 நவம்பர் கடைசியில். அந்த மாதங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை எந்தப் பிரதேசத்துக்கு விடப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் மலைப்பாதையில் போகக்கூடாது. எச்சரிக்கை இருக்கும் இடத்தில் மக்கள் வீட்டை விட்டுக் கோயிலிலும் பாடசாலையிலும் படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் தூண்டிலோடு அங்கே போய் நிற்க என் மனம் ஒப்பாது. நவம்பரை நான் முழுதாக ஒதுக்கிவைக்கச் சொல்வது இதனால்தான்.

மிச்சம் இருப்பது தைப்பொங்கலுக்குப் பிறகு. ட்ரவுட்டுக்கு இதற்கு இணையான காலம் மலையகத்தில் இல்லை. வடகீழ் மழை ஜனவரியில் நுவரெலியாவைத் தொட்டுத் தொட்டுப் போகும். பெப்ரவரியில் வானம் வெளுத்துவிடும். இரவில் நுவரெலியாப் புல்வெளிகளில் உறைபனி விழும், காலையில் உருளைக்கிழங்குப் பாத்தியெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஓடைத் தண்ணீர் கண்ணாடி. மீனையே பார்க்கலாம், மீனும் உங்களைப் பார்க்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்புச் சட்டை வேண்டாம். கீழிருந்து மேல்நோக்கி நடந்து, மீனின் வால் பக்கமாக நெருங்க வேண்டும். நிழல் பள்ளத்தின் மேல் விழக்கூடாது. தங்கூசி மிக மெல்லியதாக இருக்க வேண்டும்.

மீன்பிடிக்க விடியலில் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பெப்ரவரி ட்ரவுட்டுக்கு அது பொருந்தாது. உறைபனி விழுந்த காலையில் தண்ணீர் மிகக் குளிர்ந்து, மீன் அடியில் அசையாமல் கிடக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து, ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல் போனால் போதும். வெயில் தண்ணீரில் விழுந்து, பூச்சி பறக்கத் தொடங்கும்போது மேற்பரப்பில் வட்டம் வட்டமாக அலை எழும். அதுதான் நேரம். மத்தியானம் வரை கிடைக்கும், மாலையில் வெயில் சாய்கிறபோது இன்னொரு முறை கிடைக்கும்.

இந்தக் காலத்துக்கும் குறை உண்டு. மின்சாரத்துக்காக நீர்த்தேக்கங்களை இறக்கிவிடுவதால் மார்ச் ஆகும்போது காசல்ரீயின் கரை வெகுதூரம் பின்வாங்கிவிடும். மவுசாக்கலையில் 1969இல் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். அதைப் பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சேற்றில் முழங்கால் வரை புதையும் என்பதால் அந்தக் கரையில் தூண்டில் போடுவது கடினம். அதோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் வரை. வார இறுதியில் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பாதையில் பஸ்ஸில் கம்பு வைக்க இடமிருக்காது. மார்ச் நடுவுக்கு மேல் சிற்றோடைகள் மெலிந்து வெயிலில் சூடேறும். அப்படி மெலிந்த ஓடையில் ட்ரவுட்டைத் தூண்டிலில் மாட்டி இழுத்துக் களைக்க வைத்தால், திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். நான் மார்ச் 20க்குப் பிறகு ட்ரவுட் ஓடைக்குப் போவதில்லை.

இடத்தைப் பற்றியும் ஒரு விஷயம். ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசிய பூங்கா, 2010இலிருந்து உலக மரபுரிமைத் தலத்தின் பகுதி. தாத்தா காலத்துக் கதைகளைக் கேட்டுவிட்டு அங்கே கம்போடு போகக்கூடாது. வேறெங்கும் இல்லாத சிறு இறால் இனமொன்று அந்த ஓடைகளில் வாழ்கிறது. ட்ரவுட்டே அங்கே வெளியிலிருந்து வந்த மீன் என்பதை மறக்கக்கூடாது. அம்பேவளை, அக்கரப்பத்தனைப் பக்கத்து ஓடைகள் தோட்டக் காணிகளுக்குள் ஓடுகின்றன. தோட்டத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி எடுத்துத்தான் இறங்க வேண்டும். முன்கூட்டியே ஒருவர் நேரில் போய்ப் பேசிவைத்தால் காரியம் ஆகும். நீர்த்தேக்கத்தில் அணைச்சுவர்ப் பக்கம் நெருங்காதீர்கள். போயா நாளில் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அக்கம்பக்கத்துச் சிங்களக் குடும்பங்களின் மனம் நோகக்கூடாது.

ஆகவே தம்பிக்கு என் பதில்: ட்ரவுட் என்றால் பெப்ரவரி, நீர்த்தேக்க மீன் என்றால் செப்டம்பர் கடைசி. இரண்டில் ஒன்றுதான் என்றால் பெப்ரவரி. அவன் நிலையில் அதற்கு இன்னொரு நல்ல காரணமும் இருக்கிறது. செப்டம்பரில் இங்கே வந்தால் கிரெடிட் ஆற்றில் சால்மன் ஏறுகிற அந்த ஐந்தாறு கிழமையில் பாதி போய்விடும். வருடம் முழுக்க அவன் காத்திருக்கிற நாட்கள் அவை. பெப்ரவரியில் அங்கே பனி, ஆற்றில் சின்னூக் இல்லை, இழப்பதற்கு எதுவும் கிடையாது. பிள்ளைகள்தான் தடை. அவர்களுக்கு மார்ச் நடுவில் ஒரு கிழமை விடுமுறை வருகிறது. அவன் பெப்ரவரி கடைசியில் தனியாக வந்து, மனைவியும் பிள்ளைகளும் மார்ச் விடுமுறைக்குச் சேர்ந்துகொண்டால் மூன்று கிழமையும் பொருந்திவிடும். முதல் இரண்டு கிழமை நானும் அவனும் மேலே ஓடைகளில் நடக்கலாம். பிள்ளைகள் வந்ததும் காசல்ரீக்கு இறங்கி, சேறில்லாத ஒரு பாறைக்கரையாகப் பார்த்து மூங்கில் கம்பைக் கையில் கொடுக்கலாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு அவன் கேட்டது, "அண்ணே, என்னென்ன கொண்டு வரணும்?" வழுக்காத அடிப்பாகம் உள்ள சப்பாத்து, ஒரு தண்ணீர் வெப்பமானி, கொளுக்கி (முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டும் கூர்) இல்லாத சின்னத் தூண்டில் முள். இரவுக்கு நல்ல கம்பளிச் சட்டை ஒன்று. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் அனுமதி கேட்க நான் அடுத்த ஞாயிறு கழித்துப் போகிறேன்.